கருப்பையினுள் சுவாசப்பையை அளத்தல்: பிறவிப் பிரிமென்றகட்டுப் பிதுக்கம் பற்றிய ஒரு விளக்கம்

பிரிமென்றகடு என்பது நெஞ்சறையையும் வயிற்றறையையும் பிரித்து நிற்கும் தசைத் தகடாகும். தமிழகத்தார் இதனை உதரவிதானம் என வழங்குவர். வயிற்றின்மேற் கட்டிய விதானம் என்னும் உருவகம் அழகியதே. எனினும் ஈழத்துப் பாடநூல்களில் நிலைபெற்ற பிரிமென்றகடு என்னுஞ் சொல், பிரிக்கும் மெல்லிய தகடு என உறுப்பின் தொழிலையும் வடிவையும் ஒருங்கே உணர்த்துவதால் நாம் இக்கட்டுரையில் அதனையே ஆளுகின்றோம். இத்தகட்டிற் பிறவியிலேயே துளையிருப்பின், வயிற்றுறுப்புகள் அதனூடாக நெஞ்சறையுட் புகுந்து சுவாசப்பைகளை நெருக்கும். இதுவே பிறவிப் பிரிமென்றகட்டுப் பிதுக்கம். ஏர்னியா எனப்படும் நோய்வகை முழுவதையும் குடலிறக்கம் என்று கூறி நம்மவர் பழகிவிட்டனர். இங்கோ குடல் இறங்குவதில்லை, ஏறுகின்றது. குடலிறக்கம் என்ற சொல்லைக் கேட்ட தாயொருத்தி, அரையிலோ தொப்புளிலோ தோன்றும் சிறு வீக்கமென எண்ணி ஆறுதலடைதல் கூடும். பெயரே தவறான நம்பிக்கையை ஊட்டுமாயின் அப்பெயரை விடுதலே முறை. ஆதலாற் பிதுக்கம் என்ற பொதுச்சொல்லைக் கொண்டோம்.

பிறக்கும் 2500 முதல் 4000 வரையான பிள்ளைகளுள் ஒன்றுக்கு இக்குறை அமைவதாக உலகளாவிய கணிப்புகள் கூறும். நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டவற்றில் துளை இடப்புறத்தே உள்ளது. துளையைத் தைத்து மூடுதல் சத்திரசிகிச்சை வல்லுநர்க்கு அரிய செயலன்று. பொஸ்ரன் நகரில் றொபேட் குறொஸ் என்பார் பிறந்து ஒருநாள்கூட நிறையாத குழந்தைக்கு இதனைச் செய்து வெற்றிகண்டது 1946ஆம் ஆண்டிலாகும். அவ்வாறிருந்தும் இந்நோயிற் பிள்ளைகள் இறந்துகொண்டேயிருந்தனர். காரணம், கொல்வது துளையன்று. துளையின் விளைவாக வளராது நின்ற சுவாசப்பையே கொல்வது. எனவே மருத்துவ உலகின் வினா மெல்ல மெல்ல இடம்மாறியது. துளையை எவ்வாறு மூடுவது என்பதிலும், ஒருமுறையேனும் காற்றை உட்கொள்ளாத ஒரு சுவாசப்பையின் வல்லமையைப் பிறப்பின் முன்னரே எவ்வாறு மதிப்பிடுவது என்பது முதன்மை பெற்றது. அவ்வினாவுக்கு இதுகாறுங் கிடைத்துள்ள விடையையும், தெல்லிப்பழை போன்ற ஓர் ஊரின் தாய்க்கு அவ்விடை என்ன பொருள் தரும் என்பதையும் நாம் இங்கு ஆராய முற்படுகின்றோம்.

முதலில் வளர்ச்சியின் வரலாற்றைச் சுருங்க நோக்குவோம். முளையத்தின் நெஞ்சறையும் வயிற்றறையும் தொடக்கத்தில் ஒன்றாகவே இருக்கின்றன. பல கூறுகள் வெவ்வேறு திசைகளினின்று வளர்ந்து வந்து பொருந்துவதாற் பிரிமென்றகடு உருவாகின்றது. ஏறத்தாழ 8ஆம் வாரம் முதல் 10ஆம் வாரம் வரையிலே இப்பொருத்தம் நிறைவேற வேண்டும். வலப்புறம் முன்னதாகவும் இடப்புறம் சற்றுப் பிந்தியும் மூடுகின்றன; அன்றியும் வலப்புறத்தில் ஈரல் அரணாக நிற்கின்றது. இடப்புறப் பிதுக்கம் மிகுந்து காணப்படுவதற்கு இவற்றையே காரணமாகக் கூறுவர். கொப்பூழ்க்கொடியினுட் சிலகாலம் தங்கியிருந்த குடல் 10ஆம் வாரமளவில் வயிற்றறைக்கு மீள்கின்றது. அப்போது கதவு திறந்திருந்தால் அது மேலே செல்லும். இரைப்பையும் மண்ணீரலும் சிலபோது ஈரலின் ஒரு பகுதியும் உடன் செல்லும்.

அதே காலத்திற் சுவாசப்பையோ மரம்போற் கிளைவிட்டுக்கொண்டிருக்கின்றது. வாதனாளி இரண்டாகப் பிரிந்து, அவை மேலும் மேலும் பிரிந்து, காற்றைக் கொண்டுசெல்லும் குழாய்களின் கிளைப்பு ஏறத்தாழ 16ஆம் வாரத்தில் முற்றுப்பெறுகின்றது. அவ்வாரத்தின் பின்னர்க் குழாய்கள் நீளலாம், அகலலாம். புதிய கிளைகள் தோன்றா. நெஞ்சறையை வயிற்றுறுப்புகள் கவர்ந்துகொள்ளும் காலமும் கிளைவிடும் காலமும் ஒன்றாயிருத்தலே இந்நோயின் கொடுமை. பிதுக்கமுள்ள பக்கத்துச் சுவாசப்பை மிகவும் குன்றும். இதயமும் நடுநெஞ்சும் தள்ளப்படுவதால் மறுபக்கத்ததும் குன்றும். கிளை குறைந்தவிடத்துக் குருதிக் கலன்களும் குறைகின்றன. உள்ளவற்றின் சுவரோ தடித்துவிடுகின்றது. பிறந்தபின் சுவாசப்பை நாடியின் அமுக்கம் தணியாது உயர்ந்தே நிற்பதற்கு இது காரணம். நெருக்கத்தின் முன்னரே சுவாசப்பையின் வளர்ச்சி தன்னியல்பிற் குன்றிவிடுகின்றது என்றும், நெருக்கம் இரண்டாவது அடியாகவே வந்து சேர்கின்றது என்றும் 2000ஆம் ஆண்டளவில் எலிகளிற் செய்த ஆய்வுகளைக் கொண்டு சிலர் வாதிட்டனர். துளையை மட்டும் நோயெனக் கொள்ளலாகாது என்பதற்கு இவ்வாதமும் துணைசெய்கின்றது.

இவ்விடத்து நம்மண்ணின் வரலாற்றொடு பொருந்தும் ஓர் ஒற்றுமையைக் குறிப்பிடாது செல்ல மனம் ஒப்பவில்லை. பிரிமென்றகட்டின் பின்புறத் துளையூடாக நிகழும் பிதுக்கத்தைப் பிராக் நகர உடற்கூற்றியலாளர் பொக்டாலெக் விவரித்தது 1848ஆம் ஆண்டில். இன்றும் அத்துளை அவர் பெயராலேயே வழங்குகின்றது. அதற்கு முந்திய ஆண்டில் யாழ்ப்பாணம் வந்துசேர்ந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், அதே 1848இல் மானிப்பாயில் தம் பணியைத் தொடங்கினார். தெல்லிப்பழையோ 1816ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மிஷனின் நிலையமாகிவிட்ட ஊர். கிறீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார்; அங்காதிபாதம், பிரசவ வைத்தியம், இரண வைத்தியம் முதலாய நூல்கள் அவர் முயற்சியால் 1850களிலும் 1860களிலும் தமிழில் வெளிவந்தன. அந்நூல்களைக் கற்ற மாணாக்கர், தாயின் வயிற்றின்மேற் கைவைத்துப் பிள்ளையின் கிடையை உணர்ந்தனர். செவிவைத்து அதன் இதயவொலியைக் கேட்டனர். அதற்கப்பால் அறிய வழியில்லை. நெஞ்சிற் குடலுடன் பிறந்த பிள்ளை நீலம்பாரித்துச் சில நாழிகையில் இறப்பின், அவ்விறப்புக்குப் பெயர்கூட இருந்திராது.

அத்திரையை நீக்கியது கழியொலி. மனிதச் செவி ஏறத்தாழ 20,000 ஏட்சு மீடிறன் வரையான ஒலியைக் கேட்கும். மகப்பேற்றுப் பரிசோதனையிற் பயன்படும் ஒலியோ 35 இலட்சம் ஏட்சையும் அதற்கு மேற்பட்ட மீடிறனையும் உடையது. அது மென்னிழையங்களூடாகச் செக்கனுக்கு ஏறத்தாழ 1540 மீற்றர் கதியிற் செல்கின்றது. ஓர் இழையம் முடிந்து வேறோர் இழையம் தொடங்கும் எல்லைகளிலே சிறிது தெறித்து மீள்கின்றது. மீண்ட எதிரொலியின் காலத்தையும் வலிமையையும் கொண்டு கருவி படத்தை அமைக்கின்றது. கிளாஸ்கோவில் இயன் டொனல்ட் குழுவினர் இம்முறையை மகளிர் மருத்துவத்திற் பயன்படுத்திய கட்டுரை 1958இல் வெளிவந்தது. இன்று ஸ்கான் என்ற சொல்லை அறியாத தாய் யாழ்ப்பாணத்து ஊர்களில் இல்லை எனலாம்.

சுவாசப்பையைப் பொறுத்தவரை இங்கு ஒரு புதுமை உண்டு. பிறந்த மனிதரின் சுவாசப்பை காற்றால் நிறைந்தது. காற்றின் எல்லையிற் கழியொலி ஏறக்குறைய முழுவதும் தெறித்துவிடுவதால் அதன் உட்பகுதியை இக்கருவி காட்டமாட்டாது. முதிர்மூலவுருவின் சுவாசப்பையில் உள்ளதோ பாய்பொருள். ஆதலின் ஒலி தடையின்றிப் புகுந்து மீள்கின்றது. வாழ்நாள் முழுவதும் கழியொலிக்கு மறைந்துநிற்கும் உறுப்பு, கருப்பையில் இருக்கும் மாதங்களில் மட்டுமே தன்னை முற்றாகக் காட்டுகின்றது.

பிதுக்கம் எவ்வாறு கண்டறியப்படுகின்றது? ஏறத்தாழ 20ஆம் வாரத்திற் செய்யப்படும் உறுப்பமைப்புப் பரிசோதனையில், நெஞ்சைக் குறுக்காக வெட்டியதுபோன்ற ஒரு தளத்தில் இதயத்தின் நான்கு அறைகளையும் ஒருங்கே காணும் வழக்கம் உண்டு. இதயம் வலப்பக்கம் தள்ளப்பட்டு, அதன் அருகில் இரைப்பை கருங்குமிழிபோலத் தோன்றினால் ஐயம் எழும். வயிற்றில் இருக்கவேண்டிய இடத்தில் இரைப்பை காணப்படாமையும், வயிற்றின் சுற்றளவு சிறுத்திருத்தலும், நெஞ்சினுட் குடல் அசைதலும் ஐயத்தை உறுதியாக்கும். வலப்புறப் பிதுக்கத்தைக் காண்டல் அரிது. அங்கு ஏறுவது ஈரல், அதன் எதிரொலியோ சுவாசப்பையினதை ஒத்தது. ஈரலுக்குச் செல்லும் குருதிக் கலன்களின் போக்கை டொப்ளர் முறையாற் பின்தொடர்ந்தே அதனை வேறுபடுத்துவர். முன்னேறிய நாடுகளிலும் எல்லாப் பிதுக்கங்களும் பிறப்பின் முன் அகப்படுவதில்லை என்பதை மனங்கொள்ளல் வேண்டும். இதயத்தின் நான்கு அறைகளை ஒழுங்காகப் பார்க்கும் பழக்கமே, விலையுயர்ந்த கருவியைக் காட்டிலும் இந்நோயைப் பிடிக்கும் வலை என்பது எமது கருத்து.

கண்டபின் அளத்தல். 1996இல் சன் பிரான்சிஸ்கோவிலிருந்து மெற்கஸ் முதலியோர் வெளியிட்ட ஆய்வு இத்துறைக்கு அடிகோலியது. பிதுக்கத்தின் மறுபக்கத்துச் சுவாசப்பையின் பரப்பை மேற்கூறிய தளத்தில் அளந்து, அதனைத் தலையின் சுற்றளவால் வகுத்தனர். பிள்ளையின் பருமனுக்கு ஈடுசெய்வதற்காகவே தலை இங்கு வருகின்றது. இதுவே சுவாசப்பை–தலை விகிதம். அவர்தம் ஆய்வில் இவ்விகிதம் 1.35ஐ விஞ்சிய பிள்ளைகள் அனைவரும் பிழைத்தனர், 0.6இற்குக் குறைந்தோருள் எவரும் பிழைக்கவில்லை. எண் தெளிவானதாயிருந்தமையால் உலகெங்கும் விரைந்து பரவிற்று.

ஆனால் அவ்வெண்ணில் ஒரு வழு மறைந்திருந்தது. 12ஆம் வாரத்திலிருந்து 32ஆம் வாரம் வரை தலையின் சுற்றளவு ஏறத்தாழ நான்கு மடங்காகின்றது. சுவாசப்பையின் பரப்போ பதினாறு மடங்காகின்றது. நீளம் நான்கு மடங்கானாற் பரப்பு அதன் வர்க்கமாவது இயல்பே. பரப்பை நீளத்தால் வகுத்துப் பெறும் விகிதம், நோயற்ற பிள்ளையிலும் வாரந்தோறும் வளர்ந்துகொண்டிருக்கும். வலச் சுவாசப்பையை வரைந்தளக்கும் முறையில் நோயற்ற பிள்ளைக்கு எதிர்பார்க்கும் பெறுமானம் 22ஆம் வாரத்தில் ஏறத்தாழ 2.1, 30ஆம் வாரத்தில் ஏறத்தாழ 2.9. ஆகவே 1.0 என்ற அதே எண் முன்னதில் எதிர்பார்த்ததன் பாதியாகும். பின்னதில் மூன்றிலொரு பங்குக்குச் சற்றே மேலாகும். ஒரே எண், இரு வேறு விதிகள்!

இவ்வழுவைக் களையும்பொருட்டே நோக்கிய பெறுமானத்தை, அவ்வாரத்துக்கு எதிர்பார்க்கும் பெறுமானத்தின் நூற்றுவீதமாகக் கூறும் முறை வந்தது. 2007இல் ஜானி முதலியோர் 350இற்கு மேற்பட்ட முதிர்மூலவுருக்களின் தரவுகளைத் திரட்டி இதனை நிலைநாட்டினர். இடப்புறப் பிதுக்கத்தில் 25 சதவீதத்துக்குக் குறைந்தது கடுமை, 25 முதல் 35 வரை நடுத்தரம், 45ஐ விஞ்சியது இலேசு எனப் பொதுவாகக் கொள்வர்; 35 முதல் 45 வரையுள்ளவற்றில் ஈரல் மேலேறியிருப்பின் அதனையும் நடுத்தரத்தோடு சேர்ப்பர். ஈரல் நெஞ்சறைக்கு ஏறியிருத்தல் எந்நிலையிலும் தீய குறியே. இரைப்பை எவ்வளவு பின்தள்ளி, எவ்வளவு வலப்புறம் சென்றுள்ளது என்பதையும் ஒரு குறியாகக் கொள்வோர் உளர். வசதியுள்ள இடங்களிற் காந்தப் பரிவுப் படத்தால் இரு சுவாசப்பைகளின் முழுக் கனவளவையும் அளப்பர்.

இவ்வளவீட்டின் நுட்பத்தை ஒரு கணக்காற் காட்டுவோம். 26ஆம் வார முதிர்மூலவுரு ஒன்றுக்குத் தலைச் சுற்றளவு 240 மில்லிமீற்றர் எனவும், வலச் சுவாசப்பையின் பரப்பு 192 சதுர மில்லிமீற்றர் எனவும் வைத்துக்கொள்வோம். விகிதம் 0.8. எதிர்பார்க்கும் பெறுமானம் ஏறத்தாழ 2.5 ஆகலின் இது 32 சதவீதம், நடுத்தரம். வேறொருவர் அதே சுவாசப்பையின் ஓரத்தைச் சற்று உள்ளொதுக்கி வரைந்து 144 சதுர மில்லிமீற்றர் என்று பெற்றால் விகிதம் 0.6, அஃதாவது 24 சதவீதம், கடுமை. இரண்டுக்கும் வேறுபாடு 48 சதுர மில்லிமீற்றர், பக்கத்துக்கு 7 மில்லிமீற்றர் உள்ள சதுரத்தினும் குறைவு, ஒரு சுண்டுவிரல் நகத்தளவு. அந்நகத்தளவு ஒரு குடும்பத்தின் நம்பிக்கையை ஒரு வகுப்பிலிருந்து மற்றொரு வகுப்புக்கு மாற்றிவிடும். நீள அகலங்களைப் பெருக்கிப் பரப்பைப் பெறும் முறையிலும் ஓரத்தை வரைந்தளக்கும் முறையே நம்பத்தக்கது என்பதும், முறைக்கு முறை எதிர்பார்க்கும் பெறுமானம் வேறுபடும் என்பதும் இங்கு நினைவிற் கொள்ளத்தக்கன. ஒரு முறையால் அளந்து மற்றொரு முறையின் அட்டவணையை நோக்குதல், முழத்தால் அளந்த துணியைக் கெசக் கணக்கில் விற்பதையொக்கும். பழகிய கை, ஒருமுறைக்கு மேற்பட்ட அளவு, சில வார இடைவெளியில் மீண்டுமோர் அளவு ஆகிய இவையின்றி ஒற்றை எண்ணைத் தாயின் கையிற் கொடுத்தல் தகாது.

இவ்வளவீடு வெறும் முன்னறிவிப்பாக மட்டும் நில்லாமற் செயலுக்கும் வழிகோலியது. முதிர்மூலவுருவின் சுவாசப்பை தானே பாய்பொருளைச் சுரந்து வாதனாளி வழியாக வெளிவிடுகின்றது. குரல்வளை பிறவியிலேயே அடைபட்ட பிள்ளைகளிற் சுவாசப்பை பெருத்திருத்தலை மருத்துவர் முன்னரே கண்டிருந்தனர். எனின், வாதனாளியைச் சிலகாலம் அடைத்துவைத்தாற் குன்றிய சுவாசப்பையும் உள்ளிருந்து விரியுமன்றோ என எண்ணினர். தாயின் வயிற்றில் ஊசித்துளை அளவான வழியால் நுண்காட்டியைச் செலுத்தி, பிள்ளையின் வாதனாளியிற் சிறு பலூனை வைத்து, 34ஆம் வாரமளவில் அகற்றும் முறை இவ்வாறு தோன்றியது. பெல்ஜியத்தின் லூவன் நகர யான் டெப்றெஸ்ற் தலைமையிற் பல நாடுகளில் நடந்த இரு சோதனைகளின் முடிவுகள் 2021இல் வெளிவந்தன. கடுமையான இடப்புறப் பிதுக்கத்திற் பலூன் வைத்தோருள் 40 சதவீதத்தினர் பிழைத்து வீடு சென்றனர். வையாதோருள் 15 சதவீதத்தினரே. நடுத்தர வகுப்பில் இவ்வெண்கள் 63, 50 என அமைந்தன. இவ்வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்பதால் பயன் நிறுவப்பட்டதாகக் கொள்ளப்படவில்லை. பலூனுக்கு விலையும் உண்டு. கடுமையான வகுப்பிற் பலூன் வைத்த தாயருள் ஏறத்தாழப் பாதியினர்க்குப் பனிக்குடம் உரிய காலத்தின் முன் உடைந்தது. நான்கில் மூவர் குறைமாதத்திற் பெற்றனர். நாம் முன் கூறிய நகத்தளவு வேறுபாடு, ஒரு தாயை இத்துணை இடரான சிகிச்சைக்குட் செலுத்தவோ விலக்கவோ வல்லது என்பதை இங்கு மீண்டும் நினைத்தல் தகும்.

இனித் தெல்லிப்பழைக்கு வருவோம். காங்கேசன்துறை வீதியில் யாழ்ப்பாண நகரிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீற்றர் வடக்கே உள்ள இவ்வூரில் ஆதார வைத்தியசாலை அமைந்துள்ளது. போரினால் 1990இல் ஊரே பெயர்ந்துசென்ற வரலாறு உடையது. அக்காலத்துத் தாய்மார் எத்தனையோ பேர் தம் ஊர் வைத்தியசாலையிற் பிள்ளை பெறும் பேற்றை இழந்தனர். இன்று இவ்வயலில் ஒரு தாய்க்குப் பிதுக்கம் ஐயுறப்பட்டால், யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்கும், தேவையேற்படின் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கொழும்புக்கும் அவள் நோக்கவேண்டியவளாகின்றாள். பலூன் சிகிச்சையோ உலகிற் சில மையங்களிலேயே நடைபெறுவது. அவ்வாறாயின் சுவாசப்பையை அளந்து அவளுக்கு ஆவதென்ன?

சிலர், ஒன்றும் ஆகாததை அறிவிப்பதிலும் அறிவியாமையே நன்று என்பர். இக்கருத்தை நாம் ஏற்கவில்லை. முதலாவது, பிள்ளை எங்கே பிறக்கவேண்டும் என்பதை இவ்வளவீடு தீர்மானிக்கின்றது. பிறந்து நீலம்பாரித்த குழந்தையை அம்புலன்சில் ஏற்றிச் செல்வதிலும், கருப்பையில் இருக்கும்போதே தாயை உரிய வைத்தியசாலைக்கு அனுப்புதல் எத்துணையோ பாதுகாப்பானது. சுவாசப்பையின் வேலையைச் சூல்வித்தகம் செய்துகொண்டிருக்கும் வரை அப்பிள்ளைக்கு மூச்சுத் துன்பம் இல்லை. இரண்டாவது, கடுமை வகுப்பல்லாத பிள்ளைகள் பலர் இன்று பிழைக்கின்றனர். பயிற்சி மிகுந்த மையங்களிற் பத்திற்கு ஏழு என்ற அளவு எட்டப்பட்டுள்ளது. 45 சதவீதத்துக்கு மேற்பட்ட அளவைப் பெற்ற தாய்க்கு அவ்வெண் தைரியம் தரும் செய்தியாகும். மூன்றாவது, இந்நாட்டுச் சட்டநிலை. 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவு, தாயின் உயிரைக் காத்தற்பொருட்டன்றிக் கருவைக் கலைத்தலைக் குற்றமாக்கியுள்ளது. ஆதலின் இங்கே அளவீட்டின் பயன், கருவைத் தொடர்வதா விடுவதா என்ற தெரிவன்று, ஆயத்தமே. கடுமை மிகுந்த நிலையிலும் அக்குடும்பம் தன் பிள்ளையை எவ்வாறு வரவேற்பது, வேண்டின் எவ்வாறு வழியனுப்புவது என்பதை எண்ணுதற்கு நாட்கள் கிடைக்கின்றன.

ஆயத்தத்தில் ஒரு கூறு சொல்லாற் செய்யப்படுவது. கிரகணத்தன்று முற்றத்திற்கு வந்தாய், பாரந் தூக்கினாய் என்று மாமியாரும் அயலாரும் கூறும் சொற்கள் நம்மூர்களில் இன்னும் ஒலிக்கின்றன. கிளினிக்கில் அமர்ந்திருக்கும் பெண் அச்சொற்களைச் சுமந்தே அமர்ந்திருக்கின்றாள். பெரும்பாலான பிள்ளைகளில் இக்குறையின் காரணம் இன்னதென்று அறியப்படவில்லை. ஒரு பகுதியினரில் நிறமூர்த்தக் குறைகளோ பிற உறுப்புக் குறைகளோ உடனிருக்கும், அவற்றைத் தேடிப்பார்த்தல் வேண்டும். தனித்து நிகழ்ந்த பிதுக்கமாயின் அடுத்த பிள்ளைக்கும் நேரும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு என்ற அளவினதே. துளை மூடாதுபோன காலம் 10ஆம் வாரத்துக்குள்; அவள் பாரந் தூக்கியதாகச் சொல்லப்படும் ஐந்தாம் மாதத்துக்கு நெடுநாள் முன்பு. இதனை அவளிடம் மட்டுமன்றி, உடன்வந்த கணவனிடமும் மாமியாரிடமும் கூறும் மருத்துவர் நல்ல மருத்துவர்.

அளவீட்டின் எல்லையையும் கூறவேண்டும். அது சுவாசப்பையின் பருமனைச் சொல்கின்றது; அதனுள்ளிருக்கும் குருதிக் கலன்களின் சுவர் எத்துணைத் தடித்துள்ளது என்பதை நேரே சொல்வதில்லை. நல்ல அளவைப் பெற்ற பிள்ளை சுவாசப்பை நாடியின் அமுக்கத்தால் இடருறுவதும், குறைந்த அளவைப் பெற்ற பிள்ளை தேறுவதும் உண்டு. ஆகவே எந்தச் சதவீதத்தையும் ஒரு தனிப்பிள்ளையின் சாதகம்போற் படிக்கலாகாது.

பிறப்பறையில் நிகழவேண்டியது பெரும்பாலும் ஒரு தவிர்ப்பாகும். மூச்சுவிடாத குழந்தையின் முகத்தில் மூடியை வைத்துப் பையை அமுக்கிக் காற்றூட்டுவது எங்கும் கற்பிக்கப்படும் முதலுதவி. இக்குழந்தைக்கு அதனைச் செய்தாற் காற்று இரைப்பைக்கும் குடலுக்கும் சென்று, அவை நெஞ்சறையினுள் ஊதிப் பெருத்து, உள்ள சிறு சுவாசப்பையையும் நசுக்கிவிடும். நேராக வாதனாளியிற் குழாயிட்டு, இரைப்பையினுள் வேறொரு குழாயைச் செலுத்திக் காற்றை வெளியேற்றல் வேண்டும். சத்திரசிகிச்சை குழந்தையின் நிலை சீர்ப்பட்ட பின்னரே. எனவே பிதுக்கம் கண்டறியப்பட்ட தாயின் கர்ப்பகாலப் பதிவேட்டின் முதற் பக்கத்திலேயே, முகமூடியாற் காற்றூட்டலாகாது என்று பெரிய எழுத்தில் எழுதிவைத்தல் வேண்டும். திகதிக்கு முன் நோக்கண்டு, நள்ளிரவில் அருகிலுள்ள எந்த வைத்தியசாலைக்கு அவள் கொண்டுசெல்லப்பட்டாலும், பதிவேட்டை முதலில் விரிக்கும் மருத்துவமாதுவின் கண்ணில் அவ்வரி பட்டாற் போதும்.